பைக்கில் சாமான் ஏற்றுவது எப்படி: முதல்முறை மூட்டை கட்டுபவர்களுக்கு

நீண்ட பயணத்துக்காக முதன்முதலில் பைக்கில் மூட்டை கட்டிய அன்று, கட்டு என்னவோ உறுதியாகத்தான் இருந்தது. பை இம்மிகூட நகரவில்லை. கட்டிய பட்டையின் மிச்ச நுனி ஒரு முழ நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்ததைத்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அரை மணி நேர ஓட்டத்தில் அது காற்றில் படபடத்து, செயினுக்குள் போய்ப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. ஒரு வளைவுக்காக வேகத்தைக் குறைத்திருந்த நேரம் என்பதால் வண்டி இழுத்துப் பிடித்து நின்றதோடு போயிற்று. கத்தியால் துணுக்குத் துணுக்காக அறுத்து எடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

காரின் டிக்கியில் சாமானை எப்படி எறிந்தாலும் கார் ஓடும். பைக் அப்படி இல்லை. அது சாய்ந்து திரும்புகிற வண்டி. ஓட்டுபவரின் எடையே அதில் கணிசமான பங்கு. அதனால் எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைப் போலவே, சொல்லப்போனால் அதைவிட அதிகமாக, எங்கே ஏற்றுகிறோம் என்பது முக்கியம். ஆனாலும் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: வண்டி எவ்வளவு தாங்கும்?

வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். அதில் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, வண்டியின் சொந்த எடை. இன்னொன்று, எல்லாம் சேர்த்து வண்டி இருக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய அளவு. சாமானுக்கு மட்டுமான அளவு என்று இதை நினைத்துவிடாதீர்கள். நீங்களும் அதில் அடக்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சொந்த எடை 180 கிலோ, உச்சவரம்பு 330 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 150. ஓட்டுபவர் 72 கிலோ. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் சேர்த்து 8 கிலோ. பின்னால் உட்காருபவர் தன் ஹெல்மெட்டோடு 60 கிலோ. ஆக 140 போய்விட்டது. சாமானுக்கு இருப்பது வெறும் 10 கிலோ! இரும்புத் தாங்கியும் இரண்டு பெட்டிகளும் மாட்டினால், உள்ளே ஒரு சட்டைகூட வைப்பதற்கு முன்பே அந்த 10 கிலோ தீர்ந்துவிடும். இருவர் போகும் பயணத்தில் முதலில் குறைய வேண்டியது சாமான்தான்.

கையேட்டில் இருப்பது பெட்ரோல், எண்ணெய் எல்லாம் சேர்த்த எடையா, இல்லாத எடையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குப் பக்கம் வரும். 15 லிட்டர் டேங்க் என்றால் கிட்டத்தட்ட 11 கிலோ. சேர்க்காத எடை என்றால் இதையும் கழிக்க வேண்டும்.

பின்பக்கத் தாங்கிக்கும் அதன்மேல் மாட்டும் டாப் பாக்ஸ் என்ற பெட்டிக்கும் தனித்தனி வரம்பு உண்டு. பெட்டிக்குள் 40 லிட்டர் இடம் இருக்கிறது என்பதற்காக அதை முழுக்கக் கனமான சாமானால் அடைக்க முடியாது. பல வண்டிகளில் அந்த இடத்துக்கு அனுமதித்த எடை 10 கிலோவுக்கும் குறைவு. பெட்டியின் மூடியிலோ தாங்கியின் மேலோ அந்த எண் அச்சடித்திருக்கும்.

படி 2: எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள்

பையைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதை உள்ளே தள்ளுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. கொண்டுபோக நினைக்கும் அத்தனையையும் தரையில் பரப்பி மூன்று குவியலாகப் பிரியுங்கள். கனமானவை (கருவிகள், தண்ணீர், பூட்டு, சார்ஜர் வகையறா). லேசானவை (துணி, தூங்கும் பை). வழியில் சட்டென்று தேவைப்படுபவை (மழைக்கோட்டு, முதலுதவிப் பை, பஞ்சர் கிட், காகிதங்கள்).

எடை போடத் தனித் தராசு வேண்டாம். உடல் எடை பார்க்கும் கருவியில் பையோடு ஒருமுறை, பையில்லாமல் ஒருமுறை ஏறி நில்லுங்கள். வித்தியாசம்தான் பையின் எடை.

"எதற்கும் இருக்கட்டும்" என்று எடுத்து வைத்தவற்றை இப்போதே திருப்பி அலமாரியில் வையுங்கள். மூன்றாவது ஜீன்ஸ் எந்தப் பயணத்திலும் எனக்குப் பயன்பட்டதில்லை.

படி 3: கனம் எங்கே, லேசு எங்கே

இங்கேதான் கொஞ்சம் பொறுமையாக யோசிக்க வேண்டும்.

வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஓட்டுபவரின் தலை, முன்சக்கர அச்சு, பின்சக்கர அச்சு இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். கனமான பொருள் எல்லாம் அந்த முக்கோணத்துக்குள், முடிந்தவரை தாழ்வாக இருக்கட்டும். லேசானவை வெளியே போகலாம்.

பின் அச்சைத் தாண்டித் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் நெம்புகோல் மாதிரி வேலை செய்து முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். இரண்டு அச்சுக்கும் இடையே 140 சென்டிமீட்டர், டாப் பாக்ஸின் நடுப்பகுதி பின் அச்சுக்கு 35 சென்டிமீட்டர் பின்னால், அதில் 20 கிலோ என்று வைத்தால், முன்சக்கரம் 5 கிலோ எடையை இழக்கும். பின்சக்கரத்தின் மேல் 20 இல்லை, 25 கிலோ கூடும். ஐந்து கிலோதானே என்று தோன்றும். அது வண்டி நிற்கும்போது. மேட்டில் ஏறும்போதும் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதும் முன்சக்கரம் இன்னும் லேசாகும். வேகம் கூடினால் சிலசமயம் வண்டி முழுவதுமே பாம்பு நெளிகிற மாதிரி இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். உயரத்தில், பின்னால், கனமாக ஒரு பெட்டி இருந்தால் அந்த ஆட்டம் வர வாய்ப்பு அதிகம். அப்படி ஆடினால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள், பிரேக்கைச் சட்டென்று அழுத்தாதீர்கள். ஆக்சிலரேட்டரை மெதுவாகக் குறைத்தால் அடங்கிவிடும்.

ஆக, கருவிகளும் தண்ணீரும் பக்கவாட்டுப் பைகளின் அடியில், முன்பக்கத்து மூலையில். துணி அதற்கு மேலே. தூங்கும் பை, மழைக்கோட்டு போன்றவை பின்னால் இருக்கும் டெயில் பேக்கிலோ டாப் பாக்ஸிலோ. தனியாகப் போகிறீர்கள் என்றால் பின்சீட்தான் வண்டியிலேயே நல்ல இடம். பெரிய பையை அங்கே குறுக்காகப் படுக்க வைத்து, உங்கள் முதுகை ஒட்டினாற்போல் கட்டுங்கள். பலர் சீட்டைக் காலியாக விட்டுவிட்டு எல்லாவற்றையும் அதற்குப் பின்னால் உள்ள தாங்கியில் அடுக்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கை பரபரக்கும்.

இடது, வலது இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை இருக்க வேண்டும். ஒரு கிலோ முன்னேபின்னே இருந்தால் குற்றமில்லை. சைலன்சர் இருக்கும் பக்கத்துப் பை வெளியே தள்ளி நிற்கும் என்பதால், அந்தப் பக்கம் சற்றே லேசாக இருப்பது நல்லது.

ஹேண்டில்பாரிலும் முன் ஃபோர்க்கிலும் எதையும் தொங்கவிடாதீர்கள். திருப்புவது கனமாகிவிடும்.

படி 4: எந்தப் பை?

சந்தையில் வகை ஏராளம். புதியவர்களுக்கு நான் சொல்வது: ஒரு டெயில் பேக், தேவைப்பட்டால் ஒரு ஜோடி துணி சேடில் பேக் (சீட்டின் இரு பக்கமும் தொங்கும் பை). போதும். உலோகப் பெட்டிகள் பூட்டலாம், மழை புகாது; ஆனால் கனம், அகலம் இரண்டும் அதிகம். பெட்டியின் அகலத்தை மறந்து இரண்டு வண்டிகளுக்கு நடுவே புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

துணி சேடில் பேக் வாங்கினால் அதோடு சேடில் ஸ்டேயையும் மாட்டுங்கள். பை உள்பக்கமாகச் சாய்ந்து சக்கரத்தில் உரசாமல் தடுக்கும் இரும்புச் சட்டம் அது. பை சைலன்சரிலிருந்து தாராளமாக விலகி இருக்க வேண்டும். பை வெறும் வண்டியில் எட்டி நின்றாலும், பள்ளத்தில் ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது போய் ஒட்டிக்கொள்ளலாம். நைலான் உருகும் வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் அப்புறம் மறக்காது.

டேங்க் பேக் கண்ணெதிரே இருக்கும், கனத்தையும் நல்ல இடத்தில் வைக்கும். காந்தத்தால் ஒட்டும் வகை இரும்பு டேங்கில்தான் நிற்கும். பிளாஸ்டிக் மூடி போட்ட டேங்கில் நிற்காது. மாட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். பை ஹார்ன் பொத்தானை அழுத்துகிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

தண்ணீர் புகாத பை என்று எழுதியிருந்தாலும் வாயை மூன்று சுற்றாவது சுருட்டி மூடினால்தான் அது பலிக்கும். மற்ற பைகளுக்கு, உள்ளே ஒரு கனமான பிளாஸ்டிக் உறை போடுவதே என் வழக்கம். வெளியே மாட்டும் மழை உறை வேகத்தில் பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும்.

படி 5: கட்டுங்கள்

கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு எல்லோர் வீட்டிலும் இருக்கும். மேலே ஒரு ஜாக்கெட்டைச் செருக அது போதும். ஆனால் முக்கியக் கட்டுக்கு அது வேண்டாம். பள்ளத்தில் பை எகிறும்போது கயிறும் சேர்ந்து நீளும், கொக்கி கழன்றுவிடும். இழுத்து மாட்டும்போது நழுவினால் கொக்கி நேராகக் கண்ணை நோக்கித்தான் வரும். பக்கிள் வைத்த நாடாப் பட்டைகள் வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டையை எதில் மாட்டுவது? பின்கைப்பிடி, தாங்கி, சேஸிஸ், பின்சீட்டுக் கால்மிதியின் பிராக்கெட் இவையெல்லாம் சரி. இண்டிகேட்டர் தண்டு, நம்பர் பிளேட், பிளாஸ்டிக் பக்க மூடி மூன்றும் கூடாது.

குறைந்தது இரண்டு பட்டைகள், நான்கு முனைகள். இரண்டையும் பையின் மேல் பெருக்கல் குறி போலக் குறுக்காகப் போடுங்கள். முன்முனைகள் பையைக் கீழே, முன்னோக்கி இழுக்க வேண்டும். பின்முனைகள் கீழே, பின்னோக்கி. ஒரே திசையில் இழுத்துக் கட்டிய பை, பிரேக் போடும்போது முதுகில் வந்து மோதும், இல்லையென்றால் பின்னால் சரியும்.

கட்டி முடித்ததும் பையைப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். வண்டி ஆட வேண்டும், பை ஆடக் கூடாது. பை தனியாக ஆடினால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். அப்புறம், பட்டைகளின் மிச்ச நுனிகள். சுருட்டி, பட்டைக்கு அடியிலேயே செருகி முடிச்சுப் போடுங்கள். ஏன் என்று மேலே சொல்லியாயிற்று. கடைசியாக, பின்னால் போய் நின்று பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எல்லாம் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

படி 6: வண்டியைச் சுமைக்குத் தயார் செய்யுங்கள்

காற்றழுத்தம் முதலில். கையேட்டிலோ ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கரம்) ஒட்டிய ஸ்டிக்கரிலோ பல வண்டிகளுக்கு இரண்டு அளவு இருக்கும்: ஒருவருக்கு ஒன்று, இருவர் அல்லது சுமைக்கு ஒன்று. பின்சக்கரத்துக்கு 29 பிஎஸ்ஐ என்று இருந்தால், சுமைக்கு 32, 33 என்று இருக்கலாம். டயர் குளிர்ந்திருக்கும்போது, புறப்படும் முன் அடிக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் சுமையில் வளைந்து நெளிந்து சூடேறும். நீண்ட ஓட்டத்தில் கிழிவது அதனால்தான்.

அடுத்தது பின் ஷாக் அப்சார்பரின் பிரீலோட், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு. படிப்படியாக வெட்டிய வளையம் ஒன்று ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும். டூல் கிட்டில் வரும் கொக்கி ஸ்பேனரால் அதை ஒன்றிரண்டு படி ஏற்றுங்கள். செய்யாவிட்டால் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் நிமிர்ந்து, திருப்பும்போது வண்டி சோம்பேறித்தனம் காட்டும். ஹெட்லைட்டும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதன் உயரத்தையும் சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

செயின் தொய்வையும் பார்த்துவிடுங்கள். பின்பக்கம் அமுங்கும்போது செயின் இறுகும். முன்பே இறுக்கமாக இருந்தால் சுமையில் பேரிங்குகளைப் படுத்தி எடுக்கும்.

சைடு ஸ்டாண்டு பலர் யோசிக்காத சங்கதி. சுமையில் வண்டி தாழ்ந்தாலும் ஸ்டாண்டின் நீளம் அதேதான். அதனால் வண்டி வழக்கத்தைவிட நிமிர்ந்து நிற்கும். மறுபக்கம் சாய லேசாகத் தட்டினால் போதும். மண் தரை என்றால் ஸ்டாண்டு புதையாமலிருக்க அடியில் ஒரு தட்டைக் கல் வையுங்கள்.

படி 7: சின்னதாக ஒரு சுற்று

பயணத்துக்கு முதல் நாளே முழுச் சுமையோடு பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஏறும்போதே வித்தியாசம் தெரியும்: பின்னால் பை இருப்பதால் காலை வீசிப் போட முடியாது, சீட்டுக்கு மேலே முழங்காலை மடித்து நுழைக்க வேண்டும். காலி மைதானத்தில் மெதுவாக யூ திருப்பம் எடுங்கள், வேகத்திலிருந்து பிரேக் போட்டு நிறுத்துங்கள். நிற்க எடுக்கும் தூரம் கூடியிருக்கும்.

புறப்பட்ட நாளில் 20, 30 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி எல்லாப் பட்டைகளையும் மீண்டும் இறுக்குங்கள். உள்ளே துணி அமுங்கிப் பட்டை தளர்ந்திருக்கும், கட்டாயம்.

தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு

முதுகுப்பை வசதிதான், ஆனால் தினம் ஒரு மணி நேரம் என்றால் தோள் பேசத் தொடங்கும். பையின் தோள் பட்டைகளைத் தளர்த்திவிட்டு அதன் அடி சீட்டில் படும்படி வைத்தால் பாரம் குறையும். பூட்டு, ஸ்பேனர் போன்ற கடினமான பொருள்களை முதுகுப்பையில் போடாதீர்கள். விழுந்தால் அவை தண்டுவடத்துக்கு நேராக இருக்கும். டெயில் பேக் அல்லது டாப் பாக்ஸ் மாட்டிக்கொண்டால் லேப்டாப்பைப் பஞ்சு உறையில் போட்டு, சுற்றிலும் துணி அடைத்து வையுங்கள். தாங்கியின் வெற்றுக் கம்பியில் அதிர்வு நேராக ஏறும். வண்டியை விட்டுப் போகும்போது ஹெல்மெட்டுக்கு அந்தப் பெட்டியே வீடு.

பயணத்துக்காக ஏற்றிய பிரீலோடையும் காற்றையும் திங்கள்கிழமை காலைக்குள் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் வெறும் வண்டி ஒவ்வொரு சின்னக் குழியிலும் உங்களைத் தூக்கித் தூக்கிப் போடும்.