கிரீன் பெல்ட்டில் குதிரை லாயம்: மறுத்த அனுமதி கிடைத்த விதம்

இங்கிலாந்தில் கிரீன் பெல்ட் நிலத்தில் (நகரம் பரவாமல் தடுக்க, கட்டடமில்லாமல் காக்கப்படும் நிலம்) லாயமே கட்ட முடியாது என்பார்கள். முடியும். திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கான கட்டடத்தைத் தேசியத் திட்டக் கொள்கை ஏற்கிறது. நிலத்தின் திறந்த தன்மையும் கிரீன் பெல்ட்டின் நோக்கமும் கெடக்கூடாது, அவ்வளவுதான்.

எங்கள் முதல் விண்ணப்பத்துக்கு வந்த மறுப்புக் கடிதமும் திறந்த தன்மை கெடும் என்றுதான் சொன்னது. வயல் நடுவே இருந்த லாயத்தை வாயிலருகே, புதர்வேலியை ஒட்டி நகர்த்தி வரைந்தோம். புதுப் பாதை போடும் தேவையும் இல்லாமல் போனது. செங்கல்லுக்குப் பதில் மரப்பலகை, தாழ்ந்த கூரை. ஓர் அறை 12 அடிக்கு 12 அடி. அதைவிடச் சிறிதானால் பெரிய குதிரை புரண்டு எழச் சிரமப்படும். பெரிதானால், ‘நாளைக்கு வீடாக்கிவிடுவார்களோ’ என்று அதிகாரிக்குச் சந்தேகம் வரும் (நியாயமான சந்தேகம்தான்). குதிரைக்கு 1 முதல் 1.5 ஏக்கர் மேய்ச்சல் நிலம் இருப்பதையும் காட்டினோம்.

பலர் கோட்டைவிடுவது நிலப்பயன்பாட்டில். வெறுமனே மேயவிட்டால் அது விவசாயம். தீவனம் போட்டு, பயிற்சி கொடுத்து வைத்திருந்தால் பயன்பாடு மாறிவிடும். அந்த மாற்றத்தையும் இதே விண்ணப்பத்தில் கேளுங்கள்.

குதிரைச் சாணக் குவியலை வரைபடத்தில் குறியுங்கள்: ஓடையிலிருந்து 10 மீட்டராவது, கிணறு, ஊற்றிலிருந்து 50 மீட்டராவது தள்ளி. வெளிவிளக்கு வேண்டுமென்றால் கீழ்நோக்கியது மட்டும். மறுபடி மறுத்தால் மேல்முறையீட்டுக்கு 6 மாதம் உண்டு.