முதலில் பிழை நோட்டு, பிறகு புரொஜெக்டர்: சேர்வராயன் மலைப் பள்ளிகளுக்கு ஒரு செய்முறை

புரொஜெக்டர் வாங்கும் முன்பும் சரி, பீரோவில் கிடப்பதை வெளியே எடுக்கும் முன்பும் சரி, இரண்டு வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டில் பிள்ளைகளின் தவறான விடைகளை மட்டும் எழுதிவாருங்கள். ‘தவறு’ என்று குறித்தால் பயனில்லை. பிள்ளை எழுதியதை அப்படியே எழுத வேண்டும். ‘1/4 தான் பெரியது, 1/3 சின்னது’, ‘உப்பு கரைந்தால் காணாமல் போய்விடும்’, ‘மூடுபனி ஒரு வகைப் புகை’. ஏற்காட்டுப் பிள்ளைகள் தினமும் மூடுபனிக்குள் நடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். அது நீர்த்துளி என்பது பலருக்கும் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து நோட்டை மூன்றாகப் பிரியுங்கள். பயிற்சி போதாததால் வந்த பிழை, சொல் புரியாததால் வந்த பிழை, கண்ணால் பார்க்க முடியாததால் வந்த பிழை. திரைக்கு உரியது மூன்றாவது மட்டும். 1/3, 1/4 குழப்பத்துக்கு ஒரே அளவுள்ள இரண்டு காகிதப் பட்டைகளை மடித்துப் பக்கத்தில் வைத்தாலே போதும். அந்த இடத்தில் அனிமேஷனைப் போட்டால் பிள்ளையின் கை சும்மா இருக்கும், கற்றலும் குறையும். நீராவி குளிர்ந்து துளியாவதைக் கரும்பலகையிலோ காகிதத்திலோ காட்ட முடியாது. அணுக்கள் நகர்வது, இதயத்துக்குள் ரத்தம் போகும் வழி, வானத்திலிருந்து பார்த்தால் நம் ஊர் எப்படி இருக்கும் என்பதெல்லாம் இந்த வகை. ஒரு பருவத்துக்கு ஒரு பாடத்தில் இப்படிப்பட்ட ஆறேழு இடம் தேறும். அந்த ஆறேழையும் ஒழுங்காகச் செய்தால் அதுவே பெரிய முன்னேற்றம்.

மின்சாரம்

இங்கே கவனம் தவறினால் மற்ற எல்லாம் வீண். நாகலூர், செம்மநத்தம் போன்ற ஊர்களில் லைன் முடியும் இடத்தில் பள்ளி இருந்தால் மின்னழுத்தம் இறங்கி ஏறும். ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து மல்டிமீட்டரால் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 207 முதல் 253 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். வெகுவாகக் குறைந்தால் அந்த பிளக்கில் எர்த் இல்லை என்று பொருள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 5 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுருக்கென்று இருப்பது எர்த் இல்லாததன் அறிகுறி. அதைப் பழகிக்கொள்ளாமல் உடனே சரிசெய்ய வேண்டும். பிள்ளைகள் தொடும் பொருள் அது. மீட்டர் 260-ஐத் தாண்டிக் காட்டினால் எங்கோ நியூட்ரல் தளர்ந்திருக்கலாம். மின்வாரியத்தார் வந்து பார்க்கும்வரை எதையும் ஆன் செய்ய வேண்டாம்.

புரொஜெக்டர் சுமார் 250 வாட், லேப்டாப் 65 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 315. சிறிய கம்ப்யூட்டர் யுபிஎஸ் இதைச் சில நிமிடம்தான் தாங்கும். கரண்ட் போனால் புரொஜெக்டரை முறையாக அணைக்க அந்த நேரம் போதும், பாடம் நடத்தப் போதாது. 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கும். அதில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் பேட்டரிக்கு நல்லது; இன்வர்ட்டரில் வீணாவதைக் கழித்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். இன்வர்ட்டர் ‘ப்யூர் சைன் வேவ்’ வகையாக இருக்கட்டும். மலிவான சதுர அலை இன்வர்ட்டரில் ஸ்பீக்கர் இரையும், சில அடாப்டர்கள் சூடேறும்.

கோடை இடி மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் மாலை மணி அடித்ததும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. லேன் கேபிளையும் டிஷ் ஒயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

திரையை எங்கே வைப்பது

20 அடிக்கு 20 அடி வகுப்பறைக்கு, மூலைக்கு மூலை அளந்தால் 80 அங்குலம் வரும் படம் சரியாக இருக்கும். 16:10 வடிவத்தில் அகலம் 172 செ.மீ., உயரம் 108 செ.மீ. கடைசி வரிசை, படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இங்கே அது ஆறரை மீட்டர், அதாவது 21 அடி. சாதாரண புரொஜெக்டரின் ‘த்ரோ’ விகிதம், அதாவது படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரம் வேண்டும் என்பது, 1.5 என்றால் 172-ஐ 1.5 ஆல் பெருக்குங்கள். லென்ஸ் சுவரிலிருந்து 258 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். விகிதம் 0.5 உள்ள ஷார்ட் த்ரோ என்றால் 86 செ.மீ. போதும். ஆசிரியரின் நிழல் விழாது, கண்ணும் கூசாது. படம் கோணலாக விழுந்தால் கீஸ்டோன் பொத்தானைத் தொடும் முன்பு ஸ்டாண்டை நகர்த்திப் பாருங்கள். கீஸ்டோன் படத்தைச் சுருக்கித்தான் நேராக்கும், அதில் எழுத்தின் கூர்மை போகும்.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் திரை வேண்டாம். பக்கச் சுவரில் ஜன்னல் வரும்படி அமையுங்கள். திரையை ஒட்டிய இரண்டு ஜன்னலுக்கு மட்டும் கெட்டித் துணி போதும். பின்பக்கம் திறந்தே இருக்கட்டும், பிள்ளைகள் எழுத வெளிச்சம் வேண்டும். தரையில் உட்காரும் சிறு வகுப்புக்குப் படத்தின் அடிவிளிம்பு 3 அடி உயரத்தில், பெஞ்சு உள்ள வகுப்புக்கு நாலு அடியில்.

எழுத்து தெரியுமா என்று வகுப்புக்குப் போகாமலே சோதிக்கலாம். 15.6 அங்குல லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு நாலு அடி தள்ளி நில்லுங்கள். 80 அங்குலத் திரையைக் கடைசி பெஞ்சிலிருந்து பார்ப்பதும் இதுவும் ஒன்றே. ‘ணை’யும் ‘னை’யும் அங்கிருந்து பிரிந்து தெரியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். தமிழுக்கு எழுத்தளவு 32 புள்ளிக்கு (பாயின்ட்) கீழே போகாதீர்கள், ஒரு பக்கத்தில் ஆறு வரிக்கு மேல் வேண்டாம்.

பாடப்பொருளைக் கையில் வைத்துக்கொள்வது

மலையின் மடிப்புகளில் சிக்னல் வரும், போகும். வகுப்பு நடக்கும்போது இணையத்தை நம்பிப் பாடத்தைத் திட்டமிடாதீர்கள். சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஆசிரியர்கள் ஞாயிறன்று வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம். பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டை டிக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்து, இணையம் இல்லாமல் பார்க்கும்படி சேமிக்க முடியும். 2023-இல் வந்த மணற்கேணி செயலியில் நம் பாடத்திட்டப்படியே காணொளிகள் உள்ளன. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபெட்’ சிமுலேஷன்களை, அதாவது திரையில் நாமே மாற்றி இயக்கிப் பார்க்கும் அறிவியல் மாதிரிகளை, தனித்தனியாக இறக்கி வைத்தால் பிரவுசரில் இணையமின்றி ஓடும், பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. மூடுபனிப் பாடத்துக்குப் பொருளின் நிலைகள் பற்றிய சிமுலேஷன் மிகப் பொருத்தம்.

பென்டிரைவ் டிவியில் திறக்காவிட்டால் இரண்டு காரணம் இருக்கலாம். பென்டிரைவ் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். ஃபேட்32-க்கு மாற்றுங்கள், ஒரு கோப்பு 4 ஜிபிக்குள் இருக்க வேண்டும். அல்லது வீடியோ எச்265 என்ற புதிய சுருக்க முறையில் இருக்கும். எச்264 எம்பி4 பழைய டிவியிலும் ஓடும். கேள்வித்தாள் கட்டம் கட்டமாகவோ ஆங்கில எழுத்தாகவோ தெரிந்தால் அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. யூனிகோடுக்கு மாற்றுங்கள், அவசரத்துக்குத் தட்டச்சு செய்த கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு வாருங்கள்.

பாடவேளைக்குள்

40 நிமிடத்தில் திரைக்கு 8 முதல் 10 நிமிடம். திரை எரியும் முன்பு கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, விடையை ஊகித்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘காலையில் பாட்டில் மேல் துளி எங்கிருந்து வந்தது?’ ஊகம் எழுதிய பிள்ளை தன் விடை சரியா என்று பார்க்கும். எழுதாத பிள்ளைக்கு அது வெறும் படம்.

வீடியோவின் குரலை அணைத்துவிட்டு ஆசிரியரே பேசுவது பெரும்பாலும் நல்லது. அதில் வரும் நூல்தமிழ், வேகம் இரண்டுமே இந்த மலையில் வாழும் ‘மலையாளி’ என்ற பழங்குடியின் பிள்ளைகளுடைய வீட்டுப் பேச்சுக்குத் தூரம். தகரக் கூரையில் மழை கொட்டும்போது எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. 30 நொடிக்கு ஒருமுறை நிறுத்தி, ‘அடுத்து என்ன ஆகும்?’ என்று கேளுங்கள்.

பிறகு நான்கு விடையுள்ள ஒரு கேள்வி. தவறான மூன்று விடைகளையும் பிழை நோட்டிலிருந்தே எடுங்கள். கண்ணை மூடி, விரலை நெஞ்சோடு ஒட்டி 1, 2, 3, 4 காட்டச் சொல்லுங்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் மாற்ற முடியாது. 40 பேரில் 28-க்கு மேல் சரி என்றால் மேலே போகலாம். 12-க்குக் கீழே என்றால் மறுபடி கற்பிக்க வேண்டும், வேறு வழியில். இடையில் இருந்தால் விடையைச் சொல்லாமல் பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு நிமிடம் வாதாடவிட்டு மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் பரவலாக்கிய முறை இது. சரியான காரணம் உள்ள பிள்ளை மற்றதை எளிதில் சம்மதிக்க வைத்துவிடும்.

காசு குறைவாக இருந்தால் முதலில் வாங்க வேண்டியது ஒரு யுஎஸ்பி வெப்கேம். ஆட்டோஃபோகஸ் உள்ளதாகப் பார்த்து வாங்கி, மரச்சட்டத்தில் கீழ்நோக்கிக் கட்டி, மேசையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் நிறுத்துங்கள். பிள்ளையின் நோட்டைப் பெயர் தெரியாமல் திரையில் காட்டி, ‘இதில் எந்தப் படி வரை சரி?’ என்று கேட்கலாம். எந்த அனிமேஷனை விடவும் இது அதிகம் கற்றுத்தரும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பத்தாம் வகுப்பு சாய்வுப் பாடத்துக்கு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளே போதும். ஏற்றம் 1,000 மீட்டர், சாலை 20 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் 100-க்கு 5. அதே ஏற்றத்தை நேராக 5 கி.மீ. சாலையில் ஏறினால் 100-க்கு 20. இரண்டு கோட்டையும் ஜியோஜீப்ரா என்ற கணித வரைபடச் செயலியில் வரைந்துவிட்டு, சரக்கு லாரி எதில் ஏறும் என்று கேளுங்கள்.

ஈரமும் தூசியும்

மலையில் லென்ஸுக்கு எதிரி பூஞ்சை. மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் 100 கிராம் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறியதும் காயவைக்க வேண்டும். நீலமணி வகையில் கோபால்ட் உப்பு இருக்கும், அதைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஆரஞ்சு நிற வகையை வாங்குவது மேல். மழைக்காலத்தில் பாடம் இல்லாவிட்டாலும் வாரம் இருமுறை 20 நிமிடம் புரொஜெக்டரை ஓடவிடுங்கள், உள்ளே இருக்கும் ஈரம் காயும். கீழே சேலத்தில் நிலைமை வேறு. அங்கே வெயிலும் சாக்பீஸ் தூளும். மாதம் ஒருமுறை ஃபில்ட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் பங்குனியில் சூடேறித் தானே அணையும். லேம்ப் (பல்பு) வகைப் புரொஜெக்டரானால் ஃபேன் நிற்கும்வரை பிளக்கைத் தொடக் கூடாது.

மாறுதல் வரும் முன்பு

மாறுதல் கலந்தாய்வில் ஆசிரியர் வேறு ஊருக்குப் போனதும் பல பள்ளிகளில் கருவிகள் மறுபடி பீரோவுக்குப் போய்விடுகின்றன. பாஸ்வேர்டு அவர் நினைவில், ரிமோட் அவர் பையில், பாடக் கோப்புகள் அவர் லேப்டாப்பில். ஆகவே ஒரு கவரில் பாஸ்வேர்டு, வாரண்டி கார்டு, பில், ரிமோட்டின் உதிரி பேட்டரி எல்லாவற்றையும் போட்டுத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். கோப்புகளை இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்து, ஒன்றைப் பள்ளியில் வைத்துவிடுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்குக் கேபிள் மாட்டவும் ஃபேன் நின்ற பிறகு மூடவும் கற்றுக்கொடுங்கள். பிளக் போடுவது ஆசிரியர் வேலையாகவே இருக்கட்டும். பிழை நோட்டையும் அந்தக் கவரோடு வையுங்கள். ஜூனில் புதிதாக வரும் ஆசிரியர் முதலில் திறக்க வேண்டியது அதைத்தான்.