நாய்க்கோ பூனைக்கோ மருந்து மாறிவிட்டதா? செய்ய வேண்டியவை, வரிசையாக

நாய்க்கு எழுதிய மருந்து பூனைக்குப் போகும். 0.4 மில்லி என்பது லேபிளில் 4 மில்லி ஆகிவிடும். காலையில் அப்பா கொடுத்த மாத்திரையை, அது தெரியாமல் மகளும் ஒருமுறை கொடுப்பாள். வீட்டு விலங்குகள் விஷயத்தில் மருந்துத் தவறு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. சில சமயம் கிளினிக்கின் கைத்தவறு, சில சமயம் மெடிக்கல் ஷாப்பில் மாறியது, சில சமயம் நம் வீட்டிலேயே. யார் செய்தது என்ற விசாரணையை நாளைக்குத் தள்ளிவையுங்கள். இப்போது தேவை நான்கு எண்கள்: விலங்கின் எடை, மருந்தின் வீரியம் (ஒரு மில்லியில் அல்லது ஒரு மாத்திரையில் எத்தனை மி.கி.), கொடுத்த அளவு, கொடுத்த நேரம்.

1. அடுத்த வேளையை நிறுத்துங்கள், எதையும் தூக்கிப் போடாதீர்கள்

சந்தேகப்படும் மருந்தின் அடுத்த வேளையை டாக்டரிடம் பேசும் வரை கொடுக்க வேண்டாம். அதற்காக எல்லா மருந்தையும் ஒரேயடியாக நிறுத்திவிடவும் கூடாது. வலிப்புக்கான பீனோபார்பிடோன், பல வாரங்களாகக் கொடுத்துவரும் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் அதுவே தனிச் சிக்கல்.

பாட்டில், மாத்திரை அட்டை, மருந்துச் சீட்டு, சிரிஞ்ச் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். விலங்கு வாந்தி எடுத்திருந்தால் துடைப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். அதில் முழு மாத்திரை தெரிந்தால் டாக்டருக்கு அது பெரிய செய்தி.

வீட்டில் இரண்டு செல்லங்கள் இருந்தால், எது சாப்பிட்டது என்று உறுதியாகத் தெரியாத வரை இரண்டுமே சாப்பிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. போன் போட்டுக்கொண்டு நிற்காமல் கிளம்ப வேண்டிய நிலை

மூச்சுத் திணறல், வலிப்பு, உடல் நடுக்கம், எழுப்பினாலும் எழாத மயக்கம், ஈறு வெளுத்தோ நீலமாகவோ பழுப்பாகவோ மாறுவது, முகம் வீங்குவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் முதலில் வண்டி, வழியில் போன்.

பூனை வீட்டில் இருப்பவர்கள் பாரசிட்டமாலைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும். காய்ச்சல் என்று டோலோ, கால்பால், க்ரோசின் எதைக் கொடுத்திருந்தாலும், பூனை நன்றாகத்தான் இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிறது. ஈறு நிறம் மாறும், முகமும் பாதமும் வீங்கும். 500 மி.கி. மாத்திரை ஒன்றே உயிரை எடுக்கப் போதும். இதற்கு முறிவு மருந்து உண்டு, பெயர் அசிட்டைல்சிஸ்டீன். அது எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது.

3. கணக்கைப் போடுங்கள்

இதுதான் மிக முக்கியமான படி, பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான். "ரெண்டு மூடி குடுத்துட்டோம்" என்று சொன்னால் டாக்டரால் எதையும் முடிவு செய்ய முடியாது. அவருக்கு வேண்டியது ஒரு கிலோ எடைக்கு எத்தனை மி.கி. போயிருக்கிறது என்பது.

ஒரு உதாரணம். 6 கிலோ எடையுள்ள பொமரேனியன். மூட்டுவலிக்கு மெலாக்சிகாம் திரவ மருந்து. நாய்க்கு முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., அதன்பின் தினமும் 0.1 மி.கி. என்பது வழக்கமான அளவு. ஆக, தினசரி அளவு 0.6 மி.கி. பாட்டிலில் ஒரு மில்லிக்கு 1.5 மி.கி. என்று அச்சிட்டிருந்தால் 0.4 மில்லி எடுக்க வேண்டும். லேபிளில் புள்ளி விழுந்துபோய் 4 மில்லி கொடுத்துவிட்டார்கள் என்றால்:

4 × 1.5 = 6 மி.கி.
6 ÷ 6 = கிலோவுக்கு 1 மி.கி.

பத்து மடங்கு. குடலில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரக்கூடிய அளவு இது, நாய் வாலாட்டிக்கொண்டு நின்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மனிதருக்கான மெலாக்சிகாம் மாத்திரை 7.5, 15 மி.கி. அளவுகளில்தான் வருகிறது. வீட்டில் பாட்டியின் மூட்டுவலி மாத்திரையை நாய்க்குப் பாதியாக உடைத்துக் கொடுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

உண்ணிக்கும் சொறிக்கும் போடும் ஐவர்மெக்டின் ஊசியிலும் இதே ஆபத்து. 1 சதவீத ஊசி மருந்து என்றால் ஒரு மில்லியில் 10 மி.கி. இருக்கிறது, மாட்டுக்கு ஏற்ற வீரியம் அது. 3 கிலோ குட்டிக்குக் கிலோவுக்கு 0.3 மி.கி. வீதம் போட 0.09 மில்லிதான் தேவை. சிரிஞ்சில் ஒரு சிறு கோடு தவறினாலும் அளவு எகிறிவிடும். கோலி இன நாய்களில் பலவற்றுக்கு மரபணுக் குறையால் இந்த மருந்து மூளைக்குள் எளிதாகப் புகுந்துவிடும், மற்ற நாய்கள் தாங்கும் அளவையே அவை தாங்காது. கண்பாவை விரிவது, தள்ளாட்டம், எச்சில் வடிவது, கண் தெரியாததுபோல் முட்டிக்கொள்வது ஆகியவை அறிகுறிகள்.

சர்க்கரை நோய் உள்ள நாய்க்கு இன்சுலின் போடுபவர்கள் சிரிஞ்சின் மூடியைப் பாருங்கள். சிவப்பு மூடி மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில், அதன் கோடுகளைப் பார்த்து எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

4. போனில் இப்படிச் சொல்லுங்கள்

"டாக்டர், பொமரேனியன், ஆறு கிலோ, எட்டு வயசு. மெலாக்சிகாம் 0.4 மில்லிக்குப் பதிலா 4 மில்லி போயிடுச்சு. மில்லிக்கு ஒன்றரை மி.கி. மருந்து. சாயங்காலம் ஆறு மணிக்குக் குடுத்தோம், இப்ப ஏழு மணி. இன்னும் வாந்தி இல்ல. ப்ரெட்னிசோலோனும் போயிட்டிருக்கு."

அரை நிமிடம் ஆகாது. கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், வலி மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் குடல் புண் வரும் வாய்ப்பு கூடும். தவறு வீட்டில் நடந்திருந்தாலும் மறைக்காதீர்கள். "என்ன சாப்பிட்டதுன்னு தெரியல" என்று சொல்லிவிட்டால் டாக்டர் இருட்டில் தேட வேண்டியிருக்கும்.

வழக்கமான கிளினிக் பூட்டியிருந்தால் அவசர சிகிச்சை உள்ள வேறு இடத்துக்குப் போங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தெரிந்த இடம்தான். எந்த ஊரானாலும் இரவில் திறந்திருக்கும் ஒரு கிளினிக்கின் எண்ணை இன்றே போனில் சேமித்து வையுங்கள்.

எல்லாத் தவறும் அவசரம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் ஒரு வேளை மட்டும் இரட்டிப்பாகப் போனால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு முடியும். ஆனால் அதைப் போனில் டாக்டர் சொல்லட்டும், நாமாக முடிவு செய்ய வேண்டாம். ஒரு வேளை விட்டுப்போயிருந்தால் அடுத்த வேளையில் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுப்பதும் கூடாது.

5. கைவைத்தியம்: எது வேண்டாம், எது உதவும்

உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ரத்தத்தில் உப்பு ஏறி அதுவே வலிப்பில் கொண்டுவிடும். தொண்டைக்குள் விரல் விடுவதும் வேண்டாம். பால், மோர், தேங்காய் எண்ணெய் எதுவும் மாத்திரையை முறிக்காது. மயக்கத்தில் இருக்கும் விலங்குக்கு எதையாவது புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். கரித்தூள் நல்லதாமே என்று அடுப்புக்கரியை அரைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் தருவது அதற்கென்றே தயாரித்த மருத்துவக் கரித்தூள், அடுப்புக்கரி வேறு.

உதவுபவை இரண்டு. இன்சுலின் அதிகமாகி நாய் தள்ளாடினால், சர்க்கரைப் பாகு, தேன் அல்லது குளுக்கோஸ் கரைசலை ஈறில் தடவிக்கொண்டே கிளம்புங்கள். விழுங்கும் நிலையில் இல்லாவிட்டால் வாயில் ஊற்ற வேண்டாம், தடவினால் போதும், விரலைக் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தோலில் போடும் மருந்து. நாய்க்கான உண்ணி மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனைக்கு நஞ்சு. பூனையின் கழுத்தில் போட்டுவிட்டால், நடுக்கம் தொடங்காத நிலையில், வெதுவெதுப்பான தண்ணீரிலும் பாத்திரம் கழுவும் திரவ சோப்பிலும் கழுவி, துடைத்து, துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். சுடுநீர் வேண்டாம், குளிரவும் விடாதீர்கள். நடுக்கம் தொடங்கியிருந்தால் குளிப்பாட்டலை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள்.

6. ஆஸ்பத்திரியில்

மாத்திரை போய் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் என்றால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார்கள். அதனால்தான் நேரத்தைக் குறிக்கச் சொன்னேன். பிறகு கரித்தூள், டிரிப்ஸ், வயிற்றைக் காக்கும் மருந்துகள். வலி மருந்து அதிகமானால் அன்றே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், யூரியா அளவை அடுத்த இரண்டு மூன்று நாட்களில் மறுபடி பார்ப்பார்கள். முதல் நாள் ரிப்போர்ட் சரியாக இருப்பதை வைத்து டிரிப்ஸை நிறுத்தச் சொல்லாதீர்கள். சிறுநீரகம் அடிபட்டது ரத்தத்தில் தெரியவே ஒரு நாளுக்கு மேல் ஆகலாம்.

வீட்டுக்கு வந்தபின் சாப்பாடு, தண்ணீர், சிறுநீர், மலம் நான்கையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். தார்போல் கறுத்த மலம், ஒரேயடியாகத் தண்ணீர் குடிப்பது, சிறுநீரே போகாமல் இருப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மறுபடி போக வேண்டும்.

7. தவறு கிளினிக்குடையது என்றால்

விலங்கு நிலைப்பட்டபின் டாக்டரிடம் நேரில் பேசுங்கள். சத்தம் போடுவதால் ஒரு பயனும் இல்லை. சீட்டில் எழுதியது என்ன, லேபிளில் வந்தது என்ன, கையில் கொடுத்தவர் யார் என்று வரிசையாகக் கேளுங்கள். சிகிச்சைக் குறிப்பின் நகல், ரத்த ரிப்போர்ட், பில் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். தவறை ஒப்புக்கொண்டு, சரிசெய்யும் செலவையும் ஏற்கும் டாக்டரை விட்டு ஓட வேண்டியதில்லை என்பது என் கருத்து. மழுப்புகிறவரிடம் மறுபடி போகாதீர்கள்.

பேச்சில் முடியாவிட்டால் இரண்டு வழிகள். டாக்டரின் தொழில் நடத்தை பற்றி என்றால் மாநிலக் கால்நடை மருத்துவ கவுன்சிலுக்கு எழுதலாம், 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி டாக்டர்களின் பதிவு அங்கேதான் இருக்கிறது. இழப்பீடு வேண்டுமென்றால், கட்டணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அதற்குக் காலக்கெடு இரண்டு ஆண்டுகள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முதல் நாளில் பையில் போட்டு வைத்த பாட்டிலும் லேபிளும் அங்கே சாட்சியாகும், வழக்கு முடியும் வரை அவற்றைக் கழுவவோ வேறு மருந்து ஊற்றவோ வேண்டாம்.