மதிப்பெண்ணைக் கடைசியில் போடுங்கள்: கேம் விமர்சனம் எழுதப் பழகுவோருக்கு

மன்னார்குடியில் இருக்கும் என் அண்ணன் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். போன விடுமுறையில், போனில் பஸ் ஓட்டும் கேம் ஒன்றுக்கு விமர்சனம் எழுத உட்கார்ந்தவன், அரை மணி நேரம் கழித்து நோட்டும் கையுமாக வந்து நின்றான். "சித்தப்பா, பத்துக்கு ஒன்பது போட்டுட்டேன். அதுக்கு மேல என்ன எழுதுறதுன்னு தெரியல." நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: கிராபிக்ஸ் செம, கண்ட்ரோல் சூப்பர், 9/10.

புதிதாக எழுத வரும் பலரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மதிப்பெண்ணை முதலிலேயே முடிவு செய்துவிட்டால், பிறகு எழுதுவதெல்லாம் அதற்கு முட்டுக் கொடுக்கிற வேலையாகிவிடும். அன்று அவனுக்குச் சொன்ன முறையையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: முடிக்கக்கூடிய கேமை எடுங்கள்

முதல் விமர்சனத்துக்கே நூறு மணி நேரம் இழுக்கும் கேமை எடுக்காதீர்கள். நான் அவனுக்கு என் லேப்டாப்பில் 'வெண்பா'வைப் போட்டுக் கொடுத்தேன். கனடாவின் டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட கேம் அது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அந்தக் குடும்பத்து அம்மாவுக்குத் தன் அம்மாவிடமிருந்து வந்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கும்; விட்டுப்போனதை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் போல ஆகும், முடிந்துவிடும். பிரிட்டனின் 2024 பாஃப்டா கேம் விருதுகளில் சிறந்த அறிமுக கேமுக்கான விருதை வாங்கியது.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. இட்லிப் பானையில் ஆவி ஏறுவதை விடிகாலையில் பார்த்து வளர்ந்த கும்பகோணத்துப் பிள்ளை, அந்த கேமைப் பற்றி லண்டன் விமர்சகரால் எழுத முடியாத நாலு வரி எழுத முடியும். அந்த நாலு வரிக்காகத்தான் நம் ஊரிலிருந்து ஆட்கள் எழுத வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

படி 2: விளையாடும்போதே குறித்து வையுங்கள்

பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். முதல் பக்கத்தில் கருவியின் விவரம்: எந்த போன், எத்தனை ஜிபி ரேம், கேம் எவ்வளவு இடம் பிடித்தது, எந்த வெர்ஷன், இணைப்பு இல்லாமல் ஓடுகிறதா. நம் பக்கத்து வாசகருக்கு இது மிக முக்கியம். டவர் சரியாகக் கிடைக்காத கிராமத்தில், சாதாரண விலை போனில் விளையாடுகிறவர் கேட்கும் முதல் கேள்வியே "என் போன்ல ஓடுமா?" என்பதுதான்.

சூட்டையும் பாருங்கள். போன் சூடானால், தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் வழுக்கிக்கொண்டு ஓடிய கேம் அரை மணி நேரத்தில் திக்கித் திக்கி ஓடுவது பெரும்பாலும் இதனால்தான். மார்கழிக் காலையில் விளையாடிப் பார்த்து நன்றாக ஓடுகிறது என்று எழுதிவிட்டால், சித்திரை மதியத்தில் கரண்ட் போன நேரம் விளையாடுகிறவருக்கு அது பொய்யாகிவிடும். ஒரு தடவை ஃபேனுக்குக் கீழே, ஒரு தடவை திண்ணையில் என்று இரண்டு விதமாகவும் விளையாடிப் பாருங்கள்.

மற்றதைக் குறிக்கும்போது, நடந்ததையும் தோன்றியதையும் தனித்தனியாக எழுதுங்கள். "நாலாவது லெவலில் மூன்று முறை தோற்றேன்" என்பது நடந்தது. "மூன்றாவது முறை எரிச்சல் வந்தது, ஏன் தோற்றேன் என்றே கேம் காட்டவில்லை" என்பது தோன்றியது. விமர்சனம் இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் பிறக்கிறது.

படி 3: பணம் கேட்கும் இடத்தைக் கவனியுங்கள்

கிராபிக்ஸைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வாசகர் படத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். இலவச கேம் என்றால், எந்த லெவலில் காசு கேட்க ஆரம்பிக்கிறது, கொடுக்காவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருக்க வைக்கிறது, விளம்பரம் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். அப்பாவின் போனில் விளையாடும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். இந்த ஒரு தகவலுக்காகவே உங்கள் விமர்சனத்தைத் தேடிப் படிப்பார்கள்.

கேமை முழுவதும் முடிக்கவில்லையா? பரவாயில்லை. எங்கே நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

படி 4: எது கையில் கிடைத்ததோ அதற்கு மட்டும் எழுதுங்கள்

பெரிய பத்திரிகைகளுக்கு கேம் வெளிவரும் முன்பே பிரதி அனுப்பிவிடுவார்கள். குறித்த நாள், குறித்த மணி வரை விமர்சனத்தை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வரும். அதை எம்பார்கோ என்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் என்ன தவறு நடக்கலாம் என்பதற்கு 'சைபர்பங்க் 2077' நல்ல பாடம். 2020 டிசம்பர் 10 அன்று அது வெளிவருமுன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டும்தான். அதை வைத்து நல்ல மதிப்பெண்கள் குவிந்தன. டிவியில் மாட்டி விளையாடும் பழைய கருவிகளான பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருந்தவர்கள் வாங்கிப் போட்டால் கேம் தடுமாறியது, நின்று போனது. ஒரு வாரம் போலத்தான் ஆகியிருக்கும், பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. பிறகு பல அப்டேட்கள் வந்து, 2023 செப்டம்பரில் 2.0 வெர்ஷன் வந்தபோது கேம் வெகுவாக மாறியிருந்தது. கேமின் பெயர் மாறவே இல்லை. ஆனால் எந்தக் கருவி, எந்த மாதம் என்பதைப் பொறுத்து மூன்று வேறு கேம்களாக இருந்திருக்கிறது.

அதனால் விமர்சனத்தின் மேலேயே கருவியையும் வெர்ஷனையும் தேதியையும் போடுங்கள். கேம் இலவசமாகக் கிடைத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

படி 5: இப்போது எழுதுங்கள்

முதல் பத்தியிலேயே இது என்ன மாதிரி கேம், அதில் நம் கை என்ன செய்கிறது என்று வாசகருக்குத் தெரிந்துவிட வேண்டும். 'வெண்பா'வுக்கு அவன் முதலில் எழுதிய வரி "கதை மனதைத் தொடுகிறது" என்பது. எங்கே தொட்டது என்று கேட்டேன். யோசித்துவிட்டு மாற்றினான்: "நோட்டில் அழிந்துபோன வரியை நானே கண்டுபிடித்துச் சமைத்தபோது, அந்த அம்மா தன் அம்மாவை நினைப்பது எனக்குப் புரிந்தது." இந்த வரி வேறு எந்த கேமுக்கும் பொருந்தாது. எந்த கேமுக்கும் பொருந்துகிற வரியை அடித்துவிடுங்கள். கதையின் முடிவை மட்டும் சொல்லிவிட வேண்டாம்.

படி 6: மதிப்பெண்

கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டையோடு போனவர்களுக்குத் தெரியும். கருவியில் ஈரப்பதம் 17 சதவீதம் என்று வந்தால், ஒரத்தநாட்டிலும் திருவாரூரிலும் அதற்கு ஒரே பொருள். கேமுக்கு அப்படி ஒரு கருவி கிடையாது. ஜப்பானின் ஃபாமிட்சு பத்திரிகையில் நான்கு பேர் ஆளுக்குப் பத்து போட்டு, மொத்தம் 40க்குச் சொல்கிறார்கள். முழு 40ஐ முதலில் வாங்கியது 1998இல் வந்த 'செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்'. ஐஜிஎன் என்ற கேம் இணையதளம் பத்துக்குப் போடுகிறது. யூரோகேமர் என்ற இன்னொரு தளம் 2015இல் மதிப்பெண்ணே வேண்டாம் என்று நிறுத்தி, 2023இல் ஐந்து நட்சத்திரத்தோடு திரும்பி வந்தது.

ஆரம்பிப்பவர்களுக்கு ஐந்துதான் நல்லது. பத்து என்றதுமே நமக்குப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்துவிடுகிறது. 35 பாஸ், 70 என்றால் வீட்டில் முகம் வாடும். அந்தப் பழக்கத்தில் சுமாரான கேமுக்கும் எட்டு போட்டுவிடுகிறோம், நல்ல கேமுக்கு ஏழு போட்டால் வாசகர் அதை மட்டம் என்று எடுத்துக்கொள்கிறார். ஐந்து எண்ணுக்கும் உங்கள் பொருளை ஒரு வரியில் எழுதி எல்லா விமர்சனத்தின் கீழும் போடுங்கள். என்னுடையது: 5 என்றால் இந்த வகை கேம் பிடிக்காதவரும் விளையாட வேண்டும்; 4 என்றால் பிடித்தவர் தவறவிடக் கூடாது; 3 என்றால் நேரம் இருந்தால் பார்க்கலாம்; 2 என்றால் ஒன்றிரண்டு நல்ல இடங்கள் உண்டு; 1 என்றால் வேண்டாம்.

கிராபிக்ஸுக்கு இவ்வளவு, இசைக்கு இவ்வளவு, நீளத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டுச் சராசரி எடுக்காதீர்கள். பாலுக்கு எட்டு, டிகாக்‌ஷனுக்கு ஏழு, டபராவுக்கு ஆறு என்று கூட்டி யாரும் காபியை மதிப்பிடுவதில்லை. அப்படிக் கூட்டினால் 'வெண்பா' குட்டையானது என்பதற்காகவே கீழே போய்விடும். அந்த நீளம் அந்தக் கதைக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

உங்கள் எண்ணை எழுதி முடிக்கும் வரை மெட்டாக்ரிட்டிக் இணையதளத்தைத் திறக்கவே வேண்டாம். 2001 முதல் அது பல விமர்சனங்களின் மதிப்பெண்ணை நூறுக்கு மாற்றிச் சராசரி சொல்கிறது. எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்பதை வெளியில் சொல்வதில்லை. அதே வேலையைச் செய்யும் ஓப்பன்கிரிட்டிக் என்ற தளம் எடை எதுவும் போடாமல் நேர் சராசரி எடுக்கிறது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டால் நம் கை தானாக அதன் பக்கம் சாயும்.

எண்ணின் கனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2010இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' மெட்டாக்ரிட்டிக்கில் 85 எடுத்தால் அதை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு போனஸ் என்று ஒப்பந்தம் இருந்தது. எடுத்தது 84. போனஸ் கிடைக்கவில்லை என்று அங்கே வேலை பார்த்த கிறிஸ் அவெலோன் 2012இல் சொன்னார்.

எழுதியதை ஒரு ராத்திரி ஆறப்போட்டு, மறுநாள் எண்ணை மறைத்துக்கொண்டு வீட்டில் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எத்தனை போட்டிருப்பேன் என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால், எண்ணைத் தொடும் முன் எழுத்தைத் திருத்துங்கள்.

அண்ணன் மகன் அந்த பஸ் கேமுக்கே திரும்பவும் எழுதினான். இப்போது முதல் வரி இப்படி இருக்கிறது: "4 ஜிபி ரேம் போனில், ஃபேன் இல்லாமல், தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகிற நேரத்துக்கு ஓட்டினேன், இருபதாவது நிமிடத்துக்கு மேல் பிரேக் போட்டால் பஸ் தாமதமாக நிற்கிறது." ஒன்றரைப் பக்கம் தாண்டி, கடைசி வரியில் 3 போட்டிருக்கிறான்.