எஸ்டர் தயாரிப்புக்கு ஓர் அயனித் திரவ வினையூக்கி: வடிவமைக்கும் முறை

100 டிகிரி செல்சியசுக்குக் கீழே உருகும் உப்புகளையே அயனித் திரவங்கள் என்கிறோம். இவை எளிதில் ஆவியாவதில்லை என்பதால் தொடக்கத்தில் இவற்றுக்குப் 'பசுமை' என்ற பெயர் வந்தது. ஆனால் காற்றில் கலக்காத பொருள் கழுவுநீரில் கலக்கிறது. ஆகவே நச்சுத்தன்மையையும் மறுபயன்பாட்டையும், குடுவையை எடுப்பதற்கு முன்பே, மூலக்கூறைத் தாளில் வரையும் கட்டத்திலேயே தீர்மானிக்க வேண்டும்.

முதலில் உப்பின் எதிர்மின் பகுதியான எதிரயனியைத் தேர்ந்தெடுங்கள். ஹெக்ஸாஃபுளூரோபாஸ்பேட்டும் டெட்ராஃபுளூரோபோரேட்டும் நீரோடு சூடாகும்போது சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடை வெளியிடக்கூடும். எஸ்டராக்கத்தில், அதாவது அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டராகும் வினையில், நீர் உருவாகியே தீரும் என்பதால் அவற்றை முற்றாக விலக்குங்கள். நேர்மின் பகுதியான நேரயனியைப் பொறுத்தவரை, பரவலாகப் பயன்படும் இமிடசோலியம் என்ற வளைய அயனியின் பக்கச் சங்கிலி நீள நீள அது செல்சவ்வுக்குள் எளிதாக நுழைகிறது. பியூட்டைலிலிருந்து (நான்கு கார்பன்) ஆக்டைலுக்கு (எட்டு கார்பன்) போகும்போது நீர்வாழ் உயிர்களுக்கு நச்சுத்தன்மை பல மடங்கு கூடுகிறது. பக்கச் சங்கிலியில் எஸ்டர் தொகுதியைச் சேர்த்தால் நுண்ணுயிர்கள் அதை எளிதாகச் சிதைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அமிலமும் நீரும் உள்ள நம் குடுவையிலேயே அந்தத் தொகுதி நீராற்பகுப்படைந்துவிடும். உணவுச்சத்தான கோலினைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதி அசிட்டிக் அமிலத்தோடு தானே வினைபுரிந்து அசிட்டைல்கோலினாக மாறக்கூடும். நரம்புகளில் செய்தி கடத்தும் பொருளை நம் வினையூக்கியில் நாமே உண்டாக்கிக்கொள்ளக் கூடாது. எந்த வினைக்கு என்று முடிவுசெய்யாமல் நல்ல அயனித் திரவம் எது என்று கேட்பதில் பொருளில்லை.

அசிட்டிக் அமிலத்தையும் பியூட்டனாலையும் கொண்டு பியூட்டைல் அசிட்டேட் செய்ய, டிரைஎத்தில்அம்மோனியம் ஹைட்ரஜன் சல்பேட்டைப் பரிந்துரைக்கிறேன். இதன் சங்கிலிகள் குட்டையானவை. ஓர் அமினும் ஓர் அமிலமும் சேர்ந்தாலே உருவாகிறது. துணைவிளைபொருள் எதுவும் இல்லை. டிரைஎத்தில்அமின் தீப்பற்றும், கடும் நெடியுள்ள திரவம். புகைபோக்கி அறைக்குள்ளேயே கையாள வேண்டும்.

98.1 கிராம் தூய கந்தக அமிலத்துக்கு ஈடான அளவை, அமிலத்தை நீரில் ஊற்றியே நீர்க்கச் செய்து, பனிக்கட்டித் தொட்டியில் குளிர வையுங்கள். பிறகு 101.2 கிராம் டிரைஎத்தில்அமினைக் கலக்கியபடி சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, குறைந்த அழுத்தத்தில் நீரை அகற்றுங்கள். அடுத்து வருவதைத் தவிர்க்கவே கூடாது. எஞ்சிய நீரை, நீரின் அளவைக் காணும் கார்ல் ஃபிஷர் முறையில் அளந்து, அதைக் கழித்தபின் 0.1993 கிராம் உப்பு வருமாறு எடைபோட்டு, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் மானியோடு தரம்பாருங்கள். முதல் முடிவுநிலை 10 மில்லிலிட்டரில் வர வேண்டும். அதைத் தாண்டினால் கட்டற்ற கந்தக அமிலம் மிஞ்சியிருக்கிறது. பின்னர் நீங்கள் அளக்கும் வேகம் அந்த அமிலத்தின் வேகமாகவே இருக்கும்.

12 கிராம் அசிட்டிக் அமிலம், 17.8 கிராம் பியூட்டனால், 8 கிராம் அயனித் திரவம் ஆகியவற்றை மீள்குளிர்விப்பானுடன் 85 டிகிரியில் கலக்குங்கள். ஆறியபின் பிரிபுனலில் ஊற்றினால் எஸ்டர் மேலடுக்காகவும், அயனித் திரவமும் நீரும் கீழடுக்காகவும் பிரிய வேண்டும். மேலடுக்கிலிருந்து சிறிதளவு எடுத்து நீரோடு குலுக்கி, அந்த நீரில் பேரியம் குளோரைடைச் சேர்த்துப் பாருங்கள். வெண்ணிற வீழ்படிவு தோன்றினால் வினையூக்கி விளைபொருளோடு கசிந்திருக்கிறது. வீழ்படிவை வடிகட்டி, உலர்த்தி, எடைபோட்டால் எவ்வளவு கசிந்தது என்பதும் தெரியும். கீழடுக்கிலுள்ள நீரைக் குறைந்த அழுத்தத்தில் அகற்றி அடுத்த சுற்றுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மறுபயன்பாட்டை அளப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இந்த வினையின் சமநிலை மாறிலி (சமநிலையில் விளைபொருள்களுக்கும் வினைபடுபொருள்களுக்கும் உள்ள விகிதம்) ஏறத்தாழ 4 என்பதால், சம மோல் அளவில் எடுத்தால் அமிலம் எஸ்டராக மாறுவது மூன்றில் இரண்டு பங்கோடு நின்றுவிடும். வினையூக்கியில் பாதி அழிந்திருந்தாலும் நேரம் கொடுத்தால் அதே சமநிலையை எட்டிவிடும். ஐந்து சுற்றுகளிலும் ஒரே விளைச்சல் என்று அட்டவணை அழகாக அமையும், உண்மை மறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் தொடக்க நிமிடங்களில், மாற்றம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதற்கு முன்பே, பலமுறை மாதிரி எடுத்து வேகத்தை ஒப்பிடுங்கள். திரவம் பழுப்பேறுவதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நச்சுச் சோதனைக்கு டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளுகளை 48 மணி நேரம் கவனிப்பது வழக்கம். கரைசலை முதலில் நடுநிலையாக்குங்கள். இல்லையெனில் அமிலத்தன்மையால் இறந்ததா, அயனியால் இறந்ததா என்று பிரித்தறிய முடியாது. அமிலத்தன்மையால் வரும் கேட்டைத் தனியே பதிவு செய்யுங்கள். நுண்ணுயிர்கள் பொருளைச் சிதைக்கும் உயிரிச்சிதைவை அறிய, ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 301-ஆம் சோதனை வழிமுறையைப் பின்பற்றலாம். ஆக்சிஜன் நுகர்வை அளக்கும் வகையில், எளிதில் சிதையும் பொருள் எனக் கொள்ள, 28 நாள்களுக்குள் கோட்பாட்டுத் தேவையில் (பொருள் முழுதும் சிதைய வேண்டிய ஆக்சிஜனில்) 60 சதவீதத்தை எட்டுவதோடு, 10 சதவீதத்தைத் தாண்டிய பத்து நாள்களுக்குள் அந்த அளவு வர வேண்டும்.

வேகம் குறைந்து பயனற்றுப்போன திரவத்தைக் கழிவுநீரில் கொட்டாதீர்கள். குளிரவைத்தபடி சுண்ணாம்புக் குழம்பை மெல்லச் சேர்த்தால் சல்பேட் கால்சியம் சல்பேட்டாகப் படிந்துவிடும். விடுபட்ட டிரைஎத்தில்அமினை, அதன் கொதிநிலை 89 டிகிரி மட்டுமே என்பதால், வாலைவடித்துப் பிரித்து, உலர்த்தி, மீண்டும் முதல் படிக்கே எடுத்துச் செல்லலாம்.