பேனா கடைய பழைய சிறிய லேத்: பார்த்து வாங்குவது எப்படி?

பழைய லேத் வாங்கப் போகிறவருக்குக் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை இரும்பு கடைபவர்கள் சொல்வது. மோட்டாருக்கு எவ்வளவு பலம், பெட் (லேத்தின் அடித் தண்டவாளம்) எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஒரே வீச்சில் எவ்வளவு ஆழம் வெட்டும் என்று கேட்பார்கள். எபனைட்டும் (கடினமாக்கிய ரப்பர்) அக்ரிலிக்கும் கடைகிறவருக்கு இதில் பாதிக் கவலை வேண்டாம். பேனாவில் பெரும்பாடு துளையிலும் மரையிலும்தான் இருக்கிறது. வெளிப்பக்கம் ஒரு மயிரிழை சாய்வாக வந்தால் உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். துளையின் வாய் அகன்றுபோனால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான். அதனால் பொருளைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலையும், அதன் எதிர்முனையில் பிட்டைப் பிடித்து நிற்கும் டெயில்ஸ்டாக்கையும் முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

1. என்ன பேனா என்று முடிவு செய்யுங்கள்

கிட் வாங்கி, பித்தளைக் குழாயை மரத்துக்குள் ஒட்டிக் கடைவதுதான் திட்டம் என்றால் சாதாரண மர லேத்தே போதும். இந்தக் கட்டுரையும் உங்களுக்குத் தேவையில்லை. எபனைட் அல்லது அக்ரிலிக் கோலிலிருந்தே மூடி, உடல், பிடி மூன்றையும் உருவாக்கி, மரையும் நாமே போடப் போகிறோம் என்றால்தான் மெட்டல் லேத்.

அப்படியானால் கையாளப் போகும் கோல் பெரும்பாலும் 16 முதல் 20 மி.மீ. விட்டம். மிக நீளமான துண்டு 80 மி.மீ.யைத் தாண்டாது. இதை வைத்து, செண்டர்களுக்கு (இரு பக்கக் கூர்முனைகளுக்கு) இடையே 200 மி.மீ. இருந்தால் தாராளம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சக் (பொருளைக் கவ்விப் பிடிக்கும் தாடைப் பிடி) ஒரு 50 மி.மீ. தின்னும். டிரில் சக் இன்னொரு 50. சாதாரண 10 மி.மீ. டிரில் பிட்டின் மொத்த நீளமே 133 மி.மீ. அதற்கு மேல் பேனாத் துண்டு. 200 மி.மீ. லேத்தில் ஒவ்வொரு முறை துளை போடும்போதும் டெயில்ஸ்டாக்கைக் கழற்றி மாட்ட வேண்டிவரும். 300 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி.

2. ஸ்பிண்டில் ஓட்டையின் அளவைக் கேளுங்கள்

கோல் ஸ்பிண்டிலுக்குள் நுழைந்து பின்னால் போக முடிந்தால் வேலை பாதியாகக் குறையும். தேவையான நீளத்தை மட்டும் வெளியே இழுத்துக் கடைந்து, வெட்டி எடுத்துவிடலாம். நுழையாவிட்டால் ஒவ்வொரு துண்டையும் முன்கூட்டியே அறுத்து, சக்கின் முன்பக்கத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். முடியாத காரியமில்லை, பொருள்தான் வீணாகும்.

பழைய சந்தையில் அடிக்கடி தென்படுபவற்றில் ஷெர்லைனின் ஓட்டை சுமார் 10 மி.மீ. மைஃபோர்டு எம்.எல்.7-ல் சுமார் 15, எம்கோ காம்பாக்ட் 5-ல் 16. சீனத்து 7 அங்குல மினி லேத்துகளில் 20 மி.மீ. கிடைக்கும். மைஃபோர்டு எல்லா விதத்திலும் உயர்ந்த மெஷின்தான். ஆனால் பேனா ஒன்றுதான் நோக்கம் என்றால், நான் நல்ல நிலையில் இருக்கும் மினி லேத்தையே எடுப்பேன். சரித்திரப் பெருமைக்காக வாங்குகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கடிகாரம் பழுதுபார்ப்பவர்களின் லேத் அழகில் மயங்காதீர்கள். அவற்றின் கோலெட்டுகள் (கோலைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் பிளந்த குழல்கள்) 8 மி.மீ. ரகம். பேனா அதில் உட்காராது.

3. சக் மாட்டும் மூக்கு

பேனாத் துண்டைப் பலமுறை கழற்றி, திருப்பி, மறுபடி பிடிக்க வேண்டியிருக்கும். பழைய மூன்று தாடை சக்கில் 0.1 மி.மீ. ஆட்டம் சர்வ சாதாரணம். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் அந்த ஆட்டம் வேறு திசையில் வரும். அதனால் இன்றில்லாவிட்டாலும் நாளை ஒரு கோலெட் சக் வாங்கியே ஆகவேண்டும். 20 மி.மீ. வரை பிடிக்க இ.ஆர்.32 என்ற அளவு கோலெட் தேவை. இ.ஆர்.25 என்றால் 16 வரைதான்.

ஸ்பிண்டிலின் மூக்கில் என்ன மரை என்பது இங்கேதான் முக்கியமாகிறது. ஷெர்லைன், டெய்க் இரண்டுக்கும் ஒரே முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. அதனால் ஒன்றின் சக் மற்றதில் ஏறும். பழைய யூனிமேட் எஸ்.எல்.லின் மூக்கு வெறும் எம்12 (12 மி.மீ. மரை). அதற்குப் பொருத்தமான சக் தேடுவது தனி வேலை. இன்னொன்று: ஸ்பிண்டிலின் உட்சரிவில் (உள்ளே போகப்போகக் குறுகும் துளைவாயில்) செருகி, பின்னாலிருந்து போல்ட் போட்டு இழுக்கும் கோலெட் சக் மலிவாகக் கிடைக்கும். அதை மாட்டினால் ஸ்பிண்டில் ஓட்டை அடைபட்டுப் போகும், 20 மி.மீ. ஓட்டை இருந்தும் பயனில்லை. மூக்கில் திருகும் அல்லது ஃபிளேஞ்சில் (மூக்கின் முன்தட்டில்) போல்ட் மாட்டும் வகைதான் வேண்டும்.

4. நேரில் போய்ச் சோதிப்பது

டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) ஒன்று, ஒரு மெல்லிய ஸ்டீல் ஸ்கேல், துணி, வெர்னியர், 10 மி.மீ. டிரில் பிட், ஒரு துண்டு அக்ரிலிக் கோல். இவை பையில் இருக்கட்டும்.

முதலில் ஸ்பிண்டில். சக்கைக் கழற்றச் சொல்லி, உட்சரிவைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். டயல் கேஜின் முனையை உட்சரிவில் வைத்து, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். 0.01 மி.மீ. அளவில் நின்றால் நல்லது, 0.03-ஐத் தாண்டினால் காரணம் தெரியாமல் வாங்காதீர்கள். சக்கில் பிடித்த கம்பியில் வைத்து அளந்தால் தெரிவது சக்கின் குறை. அதை மாற்றிவிடலாம், ஸ்பிண்டிலை அப்படி மாற்ற முடியாது. அடுத்து ஒரு மரக்கட்டையால் ஸ்பிண்டிலை மேலே நெம்புங்கள். முள் நகர்ந்து, விட்டதும் திரும்பினால் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது. பேரிங்கை இறுக்க வழி உண்டா, ஏற்கெனவே கடைசி வரை இறுக்கியாகிவிட்டதா என்று கேளுங்கள்.

டெயில்ஸ்டாக்குக்கு எளிய சோதனை உண்டு. இரண்டு பக்கமும் கூர் செண்டர் மாட்டி, முனைகளை நெருக்கமாகக் கொண்டுவந்து, நடுவில் ஸ்டீல் ஸ்கேலை லேசாகப் பிடிக்கவிடுங்கள். முனைகள் நேருக்கு நேர் இருந்தால் ஸ்கேல் நேராக நிற்கும். சாய்ந்தால் முனைகள் விலகியிருக்கின்றன என்று அர்த்தம். பக்கவாட்டு விலகலைப் பெரும்பாலான லேத்துகளில் திருகைத் தளர்த்திச் சரிசெய்யலாம். உயரத்தில் விலகியிருந்தால் அடியில் தகடு வைக்கவோ சுரண்டவோ வேண்டும், தொடக்கக்காரருக்கு அது தலைவலி. குவில்லை (டெயில்ஸ்டாக்கிலிருந்து நீளும் குழலை) முழுதாக வெளியே நீட்டியும் ஒருமுறை பாருங்கள். உள்ளே இருக்கும்போது நேராக இருந்து, நீட்டியதும் தலை தொங்கும் டெயில்ஸ்டாக்குகள் உண்டு.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? பிட் நிற்க, பொருள் சுற்றும்போது துளை பெரும்பாலும் நடுவிலேயே போகும். ஆனால் டெயில்ஸ்டாக் விலகியிருந்தால் துளையின் வாய் புனல்போல விரியும். அந்த வாயில்தான் நமக்கு மரை வேண்டும். டையை (வெளிமரை வெட்டும் கருவியை) டெயில்ஸ்டாக்கில் பிடித்து மரை போடும்போதும் அதே விலகல் மரையைக் கோணலாக்கும்.

பெட் தேய்மானம் பார்க்க, கேரேஜை (வெட்டுக்கருவியைத் தாங்கி பெட்டில் நகரும் பகுதியை) சக்குக்கு அருகில் கொண்டுவந்து பூட்டை லேசாக உரசும் அளவுக்கு இறுக்குங்கள். அப்படியே டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். போகப்போக இறுகினால் சக் பக்கம் தேய்ந்திருக்கிறது. எந்தப் பழைய லேத்திலும் இது கொஞ்சம் இருக்கும், நம் 80 மி.மீ. வேலைக்கு மன்னிக்கலாம். கருவியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியில் கால் சுற்று வீண் ஆட்டம் இருந்தாலும் பயப்பட வேண்டாம், எப்போதும் ஒரே திசையில் திருகி அளவு வைத்தால் போதும்.

மோட்டாரை ஓடவிட்டு, மிகக் குறைந்த வேகத்திலும் உயர்ந்த வேகத்திலும் ஐந்து ஐந்து நிமிடம் கேளுங்கள். மினி லேத்துகளில் வேகக் கட்டுப்பாட்டு போர்டுதான் முதலில் போகும் உறுப்பு. வேகம் தானாக ஏறி இறங்கினால் சந்தேகப்படுங்கள். பட்டறையிலிருந்து வரும் பழைய மெஷின் மூன்று ஃபேஸ் மோட்டாராக இருக்கலாம். சிங்கிள் ஃபேஸ் வீட்டு மின்சாரத்தில் அது நேரடியாக ஓடாது.

5. கியர் இல்லையென்றால்?

மரை வெட்டுவதற்கான கியர் செட் காணவில்லை என்பதற்காக நல்ல மெஷினை விட்டுவிடாதீர்கள். மூடி ஒன்றிரண்டு சுற்றில் திறக்க, எம்12 அல்லது எம்13 அளவில், 0.8 பிட்ச்சில் மூன்று தொடக்க மரை (மூன்று மரைகள் இணையாக ஓடுவது) போடுவது வழக்கம். இதை லேத்தின் கியரால் வெட்டுவதைவிட அதற்கென்றே கிடைக்கும் டேப்பும் (உள்மரை வெட்டுவது) டையும் வைத்துக் கையால் சுற்றிப் போடுவது சுலபம். நிப் யூனிட்டுக்கான சிறிய மரையும் அப்படியே. அங்குல அளவு லேத்தாக இருந்தாலும் இதே காரணத்தால் கவலையில்லை. லேத்திலேயே மெட்ரிக் மரை வெட்டியே தீருவேன் என்றால் 127 பல் கியர் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

டெயில்ஸ்டாக்குக்கான டிரில் சக், இரண்டு செட் தாடைகள், டூல் போஸ்ட் (வெட்டுக்கருவியைப் பிடிக்கும் தாங்கி) ஆகியவை கூடவே வருகிறதா என்பதை மட்டும் கறாராகப் பேசுங்கள். தனித்தனியாக வாங்கினால் செலவு மெஷினையே எட்டிப் பிடித்துவிடும்.

6. கடைசியாக, கொண்டுபோன கோல்

அக்ரிலிக்கைப் பிடித்து, நிமிடத்துக்கு 400 சுற்று அளவில், செண்டர் டிரில் (தொடக்கக் குழி போடும் குட்டைப் பிட்) போட்டு, பிறகு 10 மி.மீ. பிட்டால் 60 மி.மீ. ஆழம் துளையுங்கள். அடிக்கடி பிட்டை வெளியே இழுத்துத் தூளை எடுத்துவிடுங்கள், சூடேறினால் அக்ரிலிக் உருகிப் பிட்டில் ஒட்டும். முடிந்ததும் துண்டை நடுவில் அறுத்து, வாயருகிலும் அறுத்த இடத்திலும் துளையின் விட்டத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் விலை பேசத் தொடங்கலாம். வாய் 10.3, 10.4 என்று காட்டினால், பிட் கோணலாக இருக்கிறதா என்று வேறொரு பிட்டில் ஒருமுறை சோதித்துவிட்டு, அப்போதும் அப்படியே வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.