பழைய அம்பாசிடருக்குப் புது டோர் பேட்: செய்யும்போது எங்கே சறுக்குகிறது?

அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் நின்றுபோனது. இன்ஜின் சாமான்கள் இன்னும் எப்படியோ கிடைத்துவிடுகின்றன. கதவின் உள்பக்கம் மூடியிருக்கும் டோர் பேட் அப்படிக் கிடைப்பதில்லை. பழைய கார் சாமான் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் அலைந்து பிடித்தாலும், அந்தப் பேடும் நம்முடையதைப் போலவே கீழே உப்பி, ரெக்சின் உரிந்து, கிளிப் ஓட்டை கிழிந்துதான் இருக்கும். அதனால் நாமே செய்துகொள்வதுதான் வழி. சாமான் என்று பார்த்தால் அதிகம் இல்லை: 3 மி.மீ. ஹார்ட்போர்டு, அதன்மேல் மெல்லிய ஃபோம், அதற்கும் மேல் ரெக்சின், பின்பக்கம் பேடைக் கதவுத் தகட்டின் ஓட்டைகளில் பிடித்து வைக்க வரிசையாக ஸ்பிரிங் கிளிப்.

இவ்வளவுதானே என்று நினைத்துத்தான் என் மார்க் 4 அம்பாசிடரின் நாலு கதவுக்கும் செய்து மாட்டினேன். பார்க்கப் புது வண்டி மாதிரி இருந்தது. ஐப்பசி அடைமழை முடிவதற்குள் டிரைவர் பக்கப் பேட் கீழ்விளிம்பில் அரை அங்குலம் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. விரலால் அழுத்தினால் டீயில் நனைந்த பிஸ்கட் போல அமுங்கியது. பலகை மட்டம் என்று திட்டிக்கொண்டே குஷன் கடை பாயிடம் கழற்றிக் கொண்டுபோனேன். அவர் பேடைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற வண்டியின் கதவைத்தான் பார்த்தார்.

"பேடு மேல தப்பு இல்ல சார். உள்ள ஷீட்டு எங்க?"

கதவுக்குள் மழை பெய்கிறது

ஷீட்டை விட்டதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கில் இருக்கும் ரப்பர் தண்ணீரை முழுவதும் தடுப்பதில்லை, ஓரளவு வழித்துவிடுகிறது, அவ்வளவுதான். மிச்சம் கண்ணாடியோடு வழிந்து கதவுக்குள் இறங்கும். இது பழுது இல்லை, எல்லாக் காரிலும் இப்படித்தான். உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேறத்தான் கதவின் அடிவிளிம்பில் சிறிய ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். உள்தகட்டில் கை விடும் அளவுக்குப் பெரிய பெரிய திறப்புகள் இருக்கும். அவற்றின் வழியாகத் தண்ணீர் பேடின் முதுகில் தெறிக்காமலிருக்க, தகட்டுக்கும் பேடுக்கும் நடுவே மெழுகுத்தாளோ பிளாஸ்டிக் ஷீட்டோ ஒட்டுவார்கள். இருபது முப்பது வருஷத்தில் எந்த மெக்கானிக்கோ கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷினைச் சரிசெய்ய அதைக் கிழித்திருப்பார். திரும்ப ஒட்டியிருக்க மாட்டார். வெளியே தெரியாத சாமான், யார் கேட்கப் போகிறார்கள்?

அதனால் பலகை வாங்குவதற்கு முன் கதவைப் பாருங்கள். 500 கேஜ், அதாவது 125 மைக்ரான் பாலித்தீன் ஷீட் போதும். பேடை விடச் சற்றுச் சிறிதாக வெட்டி, மேல்விளிம்பிலும் இரு பக்கமும் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) வைத்து ஒட்டலாம். சாதாரண செலோடேப் ஒரு வெயிலுக்கே விட்டுவிடும். ஒட்டுகிறவர்களிலும் முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுவது ஷீட்டின் அடிவிளிம்பில்தான். அதைத் தகட்டின் மேலேயே ஒட்டிவிட்டால், ஷீட்டில் வழியும் தண்ணீர் அந்த ஒட்டில் தேங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து நேராகப் பேடின் அடிக்கு வந்து சேரும். அடிவிளிம்பைத் தகட்டின் கீழ்த் திறப்பு வழியாகக் கதவுக்கு உள்ளே செருகிவிட வேண்டும். ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிகிறதே, அதே கணக்கு.

அப்புறம் அந்த அடி ஓட்டைகள். டிங்கரிங் (தகடு தட்டி நிமிர்த்தும் வேலை) பார்த்த கதவாக இருந்தால் பள்ளம் நிரப்பப் பூசும் பட்டி அடைத்திருக்கும், இல்லையென்றால் மண்ணும் துருவும் கட்டியிருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள். ஷீட் ஒட்டியபின், பேட் மாட்டும் முன், வெளியிலிருந்து கண்ணாடிமேல் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். கதவின் அடியில் சொட்ட வேண்டும், உள்பக்கம் ஒரு சொட்டும் வரக்கூடாது.

கண்ணாடி மெஷின், பூட்டு, கம்பிகள் எல்லாவற்றுக்கும் கிரீஸ் வைப்பதும் இப்போதே முடிந்துவிட வேண்டும். பேட் போட்ட மறுவாரம் கண்ணாடி இறங்க மறுத்து, எல்லாவற்றையும் திரும்பக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும்.

பலகையில் ஆசை காட்டினால்

"கொஞ்சம் கனமாகப் போட்டால் உறுதியாக இருக்குமே" என்று 6 மி.மீ. பிளைவுட் எடுப்பவர்கள் உண்டு. கிளிப்பின் கால் தகட்டு ஓட்டைக்கு எட்டாது. கண்ணாடி சுற்றும் ஹேண்டில் உட்காரும் தண்டும் பலகைக்குள் முங்கிவிடும், தண்டின் பல்லை ஹேண்டில் பிடிக்க இடம் இருக்காது. பழைய கிளிப்புகள் எல்லாம் 3 மி.மீ. பலகையைக் கணக்குவைத்துச் செய்தவை. எம்.டி.எஃப். என்னும் மரநார் அழுத்திய பலகை வேண்டவே வேண்டாம், ஈரத்தைக் கண்டால் அது அப்பளம் போலப் பொங்கும். விளம்பரப் பலகைக்குப் போடும் பி.வி.சி. ஃபோம் ஷீட் நனையாது. ஆனால் வெயிலில் வளைந்துகொடுக்கும், கிளிப் இருக்கும் இடமும் பிய்ந்து வரும். என் கணக்கில் மூன்று நல்ல வழிகள் உண்டு: எண்ணெய் ஏற்றிய ஹார்ட்போர்டு, ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரை உள்ள மெல்லிய மரைன் பிளைவுட், 3 மி.மீ. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஷீட். பழைய வண்டியைப் பழையபடியே வைத்துக்கொள்ள நினைத்தால் ஹார்ட்போர்டு.

ஹார்ட்போர்டின் முன்பக்கம் வழவழப்பாக, பின்பக்கம் வலை பதிந்ததுபோல் இருக்கும். முன்பக்கம் ரெக்சின் மூடிவிடும், பின்பக்கம் திறந்தே கிடக்கும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிக்கும் பலகை வளையாமல் என்ன செய்யும்? அதனால் ரெக்சின் ஒட்டும் முன், பின்பக்கத்துக்கும் நாலு விளிம்புக்கும் இரண்டு கோட் வார்னிஷ் கட்டாயம். இதிலும் ஒரு சறுக்கல் உண்டு: வார்னிஷ் அடித்து முடித்துவிட்டு அப்புறம் ஓட்டை போடுவது. அந்த ஓட்டைகளின் வார்னிஷ் படாத விளிம்பு வழியாகத்தான் தண்ணீர் ஏறும். எல்லா ஓட்டையும் போட்டு முடித்தபின்தான் வார்னிஷ் டப்பாவைத் திறக்க வேண்டும்.

இரண்டு இடது கை

பழைய பேடைக் கழற்றும்போதே பாதி வேலை கெட்டுப்போவது உண்டு. ஸ்க்ரூடிரைவரை எங்கோ செருகி நெம்பினால் பலகை கிளிப் ஓட்டையிலேயே கிழியும். கிளிப் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்து, அதற்கு ஒட்டினாற்போல் தட்டையான பட்டையைச் செருகி நெம்ப வேண்டும். எவ்வளவு உளுத்த பேடாக இருந்தாலும் தூக்கிப்போடாதீர்கள், அளவுக்கு அதுதான் அச்சு. கீழ்ப்பகுதி கரைந்துபோயிருந்தால் மேல்பகுதியை மட்டும் அதிலிருந்து எடுத்து, கீழே கதவில் படிந்திருக்கும் பழைய அழுக்குக் கோட்டைப் பார்த்து வரையலாம்.

இடது கதவுக்கு எடுத்த அளவைத் திருப்பிப் போட்டால் வலது கதவுக்கு வந்துவிடும் என்பது காகிதத்தில் சரி. ஆனால் அடிபட்டு, தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்த கதவுகளில் கிளிப் ஓட்டைகள் இரண்டு மூன்று மி.மீ. தள்ளியிருப்பது சகஜம். நாலு கதவுக்கும் நாலு அட்டை வெட்டுவதே மேல். ஒவ்வொரு அட்டையிலும் எந்தக் கதவு, எந்தப் பக்கம் முன்பக்கம் என்று பெரிதாக எழுதிவையுங்கள். இல்லாவிட்டால், பலகையின் வழவழப்பான பக்கம் எப்போதும் மேலே இருக்க, அதே அட்டையைத் திருப்பாமல் இரண்டு முறை வைத்து வரைந்து, இரண்டு இடது கதவுப் பேட் செய்துவிடுவீர்கள். சிரிக்க வேண்டாம், பின்கதவில் எனக்கு நடந்தது.

கிளிப் ஓட்டைக்கு ஒரு எளிய உபாயம். கிளிப்புகளைக் கதவின் ஓட்டைகளிலேயே மாட்டிவிட்டு, அவற்றின் தலையில் தண்ணீரில் குழைத்த குங்குமத்தைத் தொட்டுவைத்து, அட்டையைச் சரியான இடத்தில் பிடித்து அழுத்துங்கள். பொட்டு வைத்த இடத்தில் ஓட்டை. ஸ்கேலால் அளந்ததை விட இது எனக்குத் துல்லியமாக வந்தது.

வெட்டும்போது சுற்றிலும் 2 மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். ரெக்சின் மடிந்து பின்னால் போகும்போது அதன் கனம் விளிம்பில் சேரும். அதை மறந்தால் பேட், கதவு ஓரத்துப் பீடிங் ரப்பரில் இடித்துக்கொண்டு, கதவைச் சாத்தும்போதெல்லாம் உரசும்.

ஒட்டுவது, இழுப்பது

மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை ரெக்சினில் நிற்காது. குஷன் கடைகளில் சொல்யூஷன் என்று சொல்லும் கான்டாக்ட் பசைதான் வேண்டும். மட்டரகப் பசை மாட்டிய அன்று நன்றாகத்தான் பிடிக்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் 60 டிகிரி வந்ததும் இளகி, ரெக்சின் குமிழ் குமிழாகக் கிளம்பும். பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு அப்புறம் சேர்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் உள்ளே ஆவி மாட்டிக்கொள்ளும். வேலையைக் காற்றோட்டமான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

ஃபோம் 3 முதல் 5 மி.மீ. வரை போதும். மெத்துமெத்தென்று 10 மி.மீ. போட்டால் ஹேண்டில் ஃபோமுக்குள் புதையும். ஃபோமைப் பலகையின் விளிம்போடு வெட்டிவிட வேண்டும், ரெக்சின் மட்டும்தான் பின்னால் மடியும். மடிப்புக்கு 20 மி.மீ. விட்டால் தாராளம். வளைவான மூலைகளில் பின்பக்கம் ஆப்பு ஆப்பாக வெட்டி எடுத்தால் மடிப்பு தடிக்காது, ஆனால் வெட்டு விளிம்புக்கு 3 மி.மீ. முன்பே நின்றுவிட வேண்டும். ரெக்சினைச் சற்று நேரம் வெயிலில் போட்டால் தானே இணங்கும். சுருக்கம் போகட்டும் என்று பலத்தை எல்லாம் காட்டி இழுத்தால் ரெக்சின் ஜெயித்துவிடும், பலகை வில்லாக வளையும்.

கோடு கோடாகத் தையல் வேண்டுமென்றால் ஒட்டுவதற்கு முன்பே தைத்துவிடுங்கள். தையல் நெருக்கமாக இருந்தால் தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும், 4 மி.மீ. இடைவெளி நல்லது. பருத்தி நூல் வேண்டாம்.

மாட்டும்போது

இரண்டு கிளிப் சரியாக உட்காரவில்லை என்றதும் ஸ்க்ரூ வைத்து முறுக்குவது நம் ஊர் வழக்கம். அந்த ஸ்க்ரூவின் முனை உள்ளே கண்ணாடியின் பாதையில் நீட்டிக்கொண்டிருந்தால், அடுத்த முறை கண்ணாடியை இறக்கும்போது சத்தத்தோடு தெரியவரும். ஸ்பீக்கருக்கு ஓட்டை வெட்டுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். கண்ணாடியை முழுக்க இறக்கிவைத்துவிட்டு, ஸ்பீக்கரின் பின்பக்கக் காந்தத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் அம்பாசிடர் கதவில் ஸ்பீக்கரே தேவையில்லை.

கை வைக்கும் ஆர்ம்ரெஸ்டைப் பலகையில் மட்டும் முறுக்காதீர்கள். கதவை இழுத்துச் சாத்தும் பாரம் முழுக்க அதன்மேல்தான் விழுகிறது. ஸ்க்ரூ பலகையைத் தாண்டிக் கதவுத் தகட்டைப் பிடிக்க வேண்டும்.

ஹேண்டில்களைக் கழற்றும் முன் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் குறுக்கே ஒரு சிறு ஊசி இருக்கும், வட்டத் தட்டை உள்ளே அழுத்தினால் தெரியும். சிலவற்றில் லாடம் போன்ற கிளிப் இருக்கும், பழந்துணியை இடுக்கில் விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் தெறித்து வரும். தெறித்தது எங்கே போனது என்று பார்க்க ஒரு ஆளை நிறுத்திக்கொள்வது உத்தமம். பேடுக்குப் பின்னால் ஹேண்டில் தண்டில் ஒரு சுருள் ஸ்பிரிங் இருந்தால் அதையும் திரும்பப் போடுங்கள். அது இல்லாமல்தான் பாதி வண்டிகளில் ஹேண்டில் லொடலொடவென்று ஆடுகிறது. கண்ணாடியை முழுக்க ஏற்றிவைத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில், டிரைவர் முழங்காலில் இடிக்காதபடி ஹேண்டிலைச் செருகினால் வேலை முடிந்தது.

பழைய பேடுகளை இன்னும் ஒரு மழைக்காலம் பரணில் வைத்திருங்கள். என் முதல் செட் நனைந்து ஊறியபோது, காயலான் கடைக்குப் போடச் சொல்லி வீட்டில் மூன்று மாதமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்த அந்த உளுத்த பலகைகளை வைத்துத்தான் இரண்டாவது செட்டுக்கு அளவெடுத்தேன்.